காலடிப்பேட்டை வீணைப் பட்டறை: முதலில் மேளம், பிறகு மைக்

என் வீணையைக் காலடிப்பேட்டையில் உள்ள அந்தப் பட்டறையிலிருந்து எடுத்து வந்து ஆறு மாதம் நிறைகிறது. வாத்தியத்தைப் பழுது பார்த்த இடத்தைப் பற்றி எழுத, குறைந்தது ஒரு நவராத்திரியும் ஒரு மார்கழியும் கடந்திருக்க வேண்டும் என்று காத்திருந்தேன். கட்டிய மேளம் (தந்தியை அழுத்தி வாசிக்கும் உலோக மெட்டுகளை மெழுகில் சுருதி பார்த்துப் பதிக்கும் அமைப்பு) நிற்கிறதா, வீணையின் உடலில் ஒட்டிய காண்டாக்ட் மைக் பிடித்துக்கொண்டிருக்கிறதா, மழைக்காலத்து ஈரத்தில் தந்திகளைத் தாங்கும் குதிரையின் நாதம் மாறுகிறதா என்பதெல்லாம் எடுத்து வந்த வாரத்தில் தெரிவதில்லை. இப்போது தெரிந்துவிட்டது. வடசென்னையில் வீணை வைத்திருப்பவர்கள், அதிலும் கோயிலிலும் பள்ளி விழாவிலும் மைக் வைத்து வாசிக்க வேண்டியிருப்பவர்கள், இந்தப் பட்டறைக்கு ஒருமுறை போய்வர வேண்டும் என்பது என் கருத்து. அதற்கான காரணங்களையும், எனக்கு உடன்பாடில்லாத சிலவற்றையும் விரிவாகவே எழுதுகிறேன்.

பட்டறைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. காலடிப்பேட்டை மெட்ரோ நிலையத்தில் இறங்கி, கல்யாண வரதராஜப் பெருமாள் கோயில் பக்கமாக நடந்து, வீணை செய்கிறவர் வீடு என்று கேட்டால் யாரும் காட்டிவிடுவார்கள். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 2021இல் மெட்ரோ வந்த பிறகு பேச்சுவார்த்தைக்குப் போய்வருவது எளிதாகிவிட்டது. ஆனால் வீணையோடு போகும்போது ஆட்டோதான் சரி. ஆட்டோவும் தெருமுனையோடு நின்றுவிடும், அங்கிருந்து வீணையைக் கையில் ஏந்தித்தான் போக வேண்டும். வீட்டின் முன்கட்டு முழுவதும் மர வேலை. பின்னால் சமையலறையை ஒட்டிய சிறிய அறையில் மின்வேலை. மரவேலை பெரியவருடையது. மின்வேலை அவருடைய மகனுடையது. இந்த இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருப்பதுதான் இந்த இடத்தின் சிறப்பு, அதன் பொருள் எனக்குப் புரிய இரண்டு மூன்று முறை போய்வர வேண்டியிருந்தது.

என் வீணை தஞ்சாவூரில் செய்தது. பெரியம்மா 1974இல் வாங்கியது. பலா மரம், உருண்டையான குடமும் நீண்ட தண்டியும் நுனியிலுள்ள யாளித் தலையும் தனித்தனியாகச் செய்து இணைத்த ஒட்டு வீணை. தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது பெரியம்மா உயிரோடு இல்லை. இருந்திருந்தால் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு தெரு முழுக்கக் காட்டியிருப்பார். அவருக்குப் பிறகு வீணை என்னிடம் வந்தது. புது வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டில் இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு அதில்தான் சொல்லிக்கொடுக்கிறேன். கடற்காற்று படும் வீடு. எஃகுத் தந்தி மூன்று வாரத்தில் துருப்பிடித்துச் சொரசொரப்பாகிவிடும். அக்னி நட்சத்திரத்தில் மெழுகு இளகி மெட்டுகள் மெல்ல அமிழ்ந்துவிடும். சென்ற ஆண்டு சித்திரையில் முதல் தந்தியான சாரணியில் அந்தர காந்தார சுரம் சரியாகப் பேசினால், அதே மெட்டில் கீழ்ஸ்தாயிக்கான மந்தரத் தந்தியில் வேறொரு சுருதி பேசிற்று. ஏழெட்டு மெட்டுகளில் தந்தி அறுத்த பள்ளம் கண்ணுக்கே தெரிந்தது. கமகத்துக்காகத் தந்தியை இழுக்கும்போது அந்தப் பள்ளத்தின் விளிம்பில் தட்டி, கரகரவென்று ஒரு ஒலி கூடவே வரும்.

இதற்கு மேல் எனக்கு ஒரு பழைய காயமும் உண்டு. ஐந்து ஆண்டுகளுக்கு முன், நகரின் வேறொரு பகுதியில் உள்ள ஒரு கடையில் வீணைக்குப் பிக்கப், அதாவது வாத்தியத்திலேயே பொருத்தும் மைக், வைக்கச் சொல்லிக் கொடுத்தேன். அவர்கள் என்னைக் கேட்காமலேயே குடத்தின் பக்கவாட்டில் துளையிட்டு, கம்பி செருகும் சாக்கெட்டை இறுக்கி, மேல்பலகையில் இரட்டைப் பக்க டேப்பால் ஒரு வில்லையை ஒட்டி அனுப்பினார்கள். வீணையைத் திறந்து பார்த்து அந்தத் துளையைக் கண்டபோது எனக்கு வார்த்தை வரவில்லை. ஒலியோ அதைவிட வேதனை. தகரத் தட்டில் ஊசியால் தட்டுவது போன்ற மெல்லிய, கூர்மையான சத்தம். மந்தரம் இருக்கிற இடமே தெரியாது. ஒலியைச் சற்று உயர்த்தினால் ஸ்பீக்கர் ஊளையிடத் தொடங்கிவிடும். இரண்டு நவராத்திரிகள் அதனோடு போராடிவிட்டு, மைக்கே வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஆகவே ஆடி மாதம் இந்தப் பட்டறைக்குப் போனபோது, மைக்கைப் பற்றித்தான் முதலில் கேட்டேன். பெரியவர் பதில் சொல்லவில்லை. வீணையைப் பாயில் கிடத்தி, ஒவ்வொரு மெட்டாக நகத்தால் மீட்டிக்கொண்டே மேலிருந்து கீழ்வரை போனார். பிறகு கண்ணைத் தண்டியின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, மெட்டுகளின் முதுகு ஒரே கோட்டில் வருகிறதா என்று யாளிப் பக்கமிருந்து பார்த்தார். குதிரையின் மேல் விரலை ஓட்டினார். அதற்குப் பிறகுதான் பேசினார்.

“டீச்சரம்மா, வீணை உள்ள பேசுறதத்தான் மைக்கு வெளிய பேசும். இது இப்ப உள்ளயே திக்குது. மொதல்ல மேளத்தக் கட்டுவோம், குதிரையப் பாப்போம், அப்புறம் தம்பிகிட்டப் போங்க.”

இந்த வரிசையைத்தான் நான் இவ்வளவு எழுதி வலியுறுத்த விரும்புகிறேன். முன்பு போன கடையில் வீணையை யாரும் வாசித்துப் பார்க்கவே இல்லை. அங்கே என் வீணை, ஒரு கருவியைத் திருகி மாட்டுவதற்கான பலகை மட்டுமே.

மேளம் கட்டுவதை அருகில் உட்கார்ந்து பார்க்க அவர் அனுமதித்தார். நான் இரண்டு நாள் பிற்பகல் வகுப்பை நிறுத்திவிட்டுப் போய் உட்கார்ந்தேன். பழைய மெழுகை உளியால் சுரண்டி எடுத்து, 24 மெட்டுகளையும் கழற்றி, பள்ளம் விழுந்தவற்றை அரம் போட்டுச் சமப்படுத்தினார். மூன்று மெட்டுகள் தேய்ந்துபோனதால் புதிதாக வார்த்தவற்றை வைத்தார். தேன்மெழுகோடு குங்கிலியமும் கரித்தூளும் சேர்த்து இரும்புச் சட்டியில் உருக்கிய கலவை, ஆறிவரும்போது கன்னங்கரேலென்று மாவு போல் கைக்கு அடங்குகிறது. அதைக் கயிறாகத் திரித்துத் தண்டியின் இரு ஓரங்களிலும் உள்ள சட்டத்தின் மேல் பதித்து, அதில் மெட்டின் இரு கால்களையும் ஊன்றுகிறார்.

அதன் பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பமாகிறது. சாரணியை, யாளிப் பக்கம் தந்தி ஏறி நிற்கும் மேருவிலிருந்து குதிரை வரை அளந்து சரிபாதியில் 12ஆவது மெட்டை வைத்தால் தார ஷட்ஜம் வந்துவிடும் என்று கணக்குச் சொல்லும். ஆனால் தந்தியை மெட்டின் மேல் அழுத்தும்போது அது கொஞ்சம் இழுபட்டுச் சுருதி ஏறிவிடுகிறது. அந்த ஏற்றத்தைச் சரிக்கட்ட மெட்டை மேருவின் பக்கம் ஓர் இழை தள்ள வேண்டும். எவ்வளவு தள்ளுவது என்பது தந்தியின் பருமனையும், மெட்டுக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளியையும், இந்தக் குதிரையின் உயரத்தையும் பொறுத்தது. அதே மெட்டு மற்ற மூன்று வாசிப்புத் தந்திகளான பஞ்சமத்துக்கும் மந்தரத்துக்கும் அனுமந்தரத்துக்கும் சேர்த்துப் பேச வேண்டும். ஆகவே ஸ்கேலை வைத்து இந்த வேலையைச் செய்ய முடியாது. அவர் காய்ச்சிய இரும்புக் கம்பியின் நுனியை மெட்டின் காலருகே வைத்து மெழுகை ஒரு நொடி இளக்குகிறார், கட்டைவிரலால் நகர்த்துகிறார், ஈரத்துணியால் ஒற்றுகிறார், மீட்டுகிறார். சாரணியில் ஒருமுறை, மந்தரத்தில் ஒருமுறை. தலையை அசைத்தால் அடுத்த மெட்டு. இல்லையென்றால் மறுபடியும் கம்பி. சாதாரண காந்தாரத்துக்கு மட்டும் ஒன்பது முறை கம்பி வைத்தார், எண்ணிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் சுருதிப் பெட்டி இல்லை. பக்க சாரணி, பக்க பஞ்சமம், ஹெச்சு சாரணி ஆகிய மூன்று தாளத் தந்திகளையும் சுருதி சேர்த்து வைத்து, அவற்றையே இடது கைச் சுண்டுவிரலால் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். தஞ்சையில் ரகுநாத நாயக்கர் காலத்தில் 24 மெட்டுகளோடு நிலைபெற்ற அமைப்பு இது என்று படித்திருக்கிறேன். நானூறு ஆண்டுகளாக ஒவ்வொரு வீணைக்கும் யாரோ ஒருவர் இப்படி உட்கார்ந்து காதால் கட்டியிருக்கிறார் என்பது அன்று என் மனத்தில் அழுத்தமாகப் பதிந்தது.

குதிரை வேலை அதைவிட நுட்பமானது. மரக் குதிரையின் தலையில் பதித்திருக்கும் ரேக்கு எனும் வெண்கலத் தகடு தட்டையாக இருக்காது. மிக மெல்லிய வளைவோடு இருக்கும். தந்தி அதிரும்போது அந்த வளைவின் மேல் தவழ்ந்து தவழ்ந்து போவதால்தான் வீணைக்கும் தம்பூராவுக்கும் அந்த நீண்ட கார்வையும் மினுமினுப்பும் கிடைக்கின்றன. சர் சி.வி. ராமன் 1921இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதைக் காட்டியிருக்கிறார்: சாதாரணமாக ஒரு தந்தியை அதன் நடுவில் மீட்டினால், நடுவில் அசையாப் புள்ளி கொண்ட மேற்சுரங்கள் எழும்பக் கூடாது, வீணையிலும் தம்பூராவிலும் அவையும் ஒலிக்கின்றன, காரணம் குதிரையின் வடிவம். என் குதிரையின் ரேக்கில் சாரணி ஓடும் இடத்தில் ஒரு கீறல் விழுந்திருந்தது. தந்தி அந்தக் கீறலில் உட்கார்ந்துகொண்டு தவழ மறுத்ததால் நாதம் சுருங்கிப் போயிருந்தது. பெரியவர் ரேக்கைக் கழற்றி, நுண்ணிய அரத்தால் தேய்த்து, உப்புத்தாளால் மெருகேற்றி, நான்கு தந்திகளுக்கும் ஒரே அளவு கார்வை வரும்வரை ஏற்றி இறக்கிப் பார்த்தார். அன்று மாலை வீணையைச் சுருதி சேர்த்துச் சாரணியை மீட்டியபோது, பெரியம்மா வாசித்துச் சிறுவயதில் நான் கேட்ட ஒலி திரும்பி வந்திருந்தது. என் கண் கலங்கியதை அவர் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உளிகளை எடுத்து அடுக்கத் தொடங்கினார்.

மகனின் வேலைக்கு வருகிறேன். முந்தைய மைக் ஏன் தகரம் போல் ஒலித்தது என்பதை எனக்கு முதன்முதலில் புரியும்படி சொன்னவர் அவர்தான். காண்டாக்ட் மைக் என்று நாம் சொல்வது பீசோ வில்லை. சில பொருள்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக் கியூரியும் 1880இல் கண்டறிந்த அதே தத்துவம். பலகையின் அதிர்வு வில்லையை வளைக்கிறது, வில்லை மின்னழுத்தம் தருகிறது. ஆனால் வில்லை ஒரு மின்தேக்கியைப் போலவும் நடந்துகொள்கிறது. சாதாரணமாகக் கிடைக்கும் 27 மில்லிமீட்டர் வில்லையின் மின்தேக்கு அளவு சுமார் 20 நானோஃபாரட். அதை 10 கிலோ ஓம் உள்ளீட்டு மின்தடை கொண்ட மிக்ஸரில் நேராகச் செருகினால், சுமார் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் ஒலியெல்லாம் இறங்கிக்கொண்டே போய்விடும். மூன்று கட்டைச் சுருதியில் என் சாரணி 165 ஹெர்ட்ஸ், மந்தரம் 82, அனுமந்தரம் 62. அதாவது வீணையின் உடல் முழுவதும் மிக்ஸரின் வாசலிலேயே நின்றுவிட்டது. உள்ளே போனது நகம் தட்டும் சத்தமும் மேற்சுரங்களும் மட்டும். அதே வில்லையை 1 மெகா ஓம் உள்ளீட்டு மின்தடை கொண்ட ப்ரீஆம்ப் எனும் முன்பெருக்கி ஒன்றில் செருகினால் அந்த எல்லை 8 ஹெர்ட்ஸுக்குப் போய்விடுகிறது, அனுமந்தரம் தாராளமாக உள்ளே வருகிறது. ஐந்து ஆண்டுகளாக என் வீணையையும் என் மீட்டலையும் குறைசொல்லிக்கொண்டிருந்தேன். குறை, இடையில் இல்லாத ஒரு சிறு பெட்டியில் இருந்தது.

கிடார் பிக்கப் போன்ற காந்தப் பிக்கப் வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டேன். தந்திகளுக்குக் கீழே காந்தமும் கம்பிச்சுருளும் இருக்கும் அந்த வகையில் ஊளைச் சத்தம் மிகக் குறைவு. பெரிய மேடையில் தவிலோடும் கீபோர்டோடும் வாசிப்பவர்கள் அதை விரும்புவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது எஃகின் அசைவை மட்டுமே கேட்கும். என் மந்தரமும் அனுமந்தரமும் பித்தளைத் தந்திகள். அவை அதற்கு ஏறக்குறைய ஊமை. தந்தியை மாற்றி எஃகு நடுவே ஓடும் சுற்றுத்தந்தி போட்டால் பேசும். அப்போதும் குடமும் பலா மரமும் சேர்க்கும் நாதம் அதில் வராது. “உங்களுக்கு எந்த மாதிரி எடத்துல வாசிக்கணும், அதச் சொல்லுங்கக்கா” என்று கேட்டு, நான் சொன்னதை எழுதிக்கொண்ட பிறகுதான் பீசோவைப் பரிந்துரைத்தார். எதையும் என் தலையில் கட்டவில்லை.

வில்லையை எங்கே வைப்பது என்பதற்கு ஒரு முழுக் காலைப்பொழுது ஆயிற்று. என்னை வாசிக்கச் சொல்லிவிட்டு, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, வில்லையைத் துளி மெழுகால் மேல்பலகையில் ஓரிடத்தில் ஒட்டிக் கேட்பார். எடுத்து இரண்டு விரற்கடை தள்ளி ஒட்டுவார். நாதத் துளைகளின் அருகே வைத்தபோது குடத்தின் முழக்கம் மேலோங்கி, இராகம் குழம்பிற்று. குதிரையின் காலை ஒட்டி வைத்தபோது தெளிவு வந்தது, ஆனால் நகச் சத்தமும் கூடவே வந்தது. கடைசியில் குதிரையின் சாரணிப் பக்கத்துக் காலிலிருந்து ஏறக்குறைய ஓர் அங்குலம் தள்ளிய இடத்தில் சாக்பீஸால் குறித்தார். ஹெட்ஃபோனை என்னிடமும் கொடுத்துக் கேட்கச் சொன்னார். சங்கராபரணத்தை மெதுவாக ஏறி இறங்கிக் கேட்டேன், மந்தர பஞ்சமத்தில் நின்றபோது ஒலி அடியிலிருந்து எழுந்து வந்தது.

நிலையாக ஒட்டும்போது மெழுகை அவர் பயன்படுத்தவில்லை. நம் ஊர் வெயிலில் அது இளகும். டேப்பும் கூடாது, அதன் மெத்தைத்தனம் மேற்சுரங்களை விழுங்கிவிடும். வில்லையை மெல்லிய மரச் சில்லு ஒன்றில் கெட்டியாக ஒட்டி, அந்தச் சில்லைத்தான் வீணையில் ஒட்டினார், அதுவும் தச்சர்கள் பயன்படுத்தும் வஜ்ஜிரத்தால். வஜ்ஜிரம் காய்ந்தால் கல் போல் இறுகும். என்றைக்காவது எடுக்க வேண்டுமென்றால் இளஞ்சூட்டு ஈரத்துணியை வைத்தால் விட்டுவிடும், மரத்துக்குக் காயம் படாது. வில்லையின் மேல் செம்புத் தகடு போர்த்தி, குடத்தின் முனையில் தந்திகளைக் கட்டும் நாகபாசத்தின் உலோகத்தோடு எர்த் கம்பியை இணைத்ததால், மேடைகளில் வரும் 50 ஹெர்ட்ஸ் முனகல் பெரும்பாலும் அடங்கிவிட்டது. சாக்கெட்டுக்குத் துளை போடவில்லை. நாகபாசத்தைக் கவ்விப் பிடிக்கும் சிறு பித்தளைக் கொக்கியில் அதைப் பொருத்தினார். ப்ரீஆம்ப் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய அலுமினியப் பெட்டி, 9 வோல்ட் பேட்டரி. கம்பியை உருவினால் தானாக அணைந்துவிடும். ஆறு மாதமாக அதே பேட்டரி ஓடுகிறது. பழைய கடையின் துளையைப் பெரியவர் ஒரு பலாத் துண்டைச் செதுக்கி, நார் ஓடும் திசையைப் பார்த்துப் பொருத்தி அடைத்துவிட்டார். விளக்கைச் சாய்த்துப் பார்த்தால்தான் தெரிகிறது.

நவராத்திரியில் தண்டையார்பேட்டையில் எங்கள் தெருக்கோயிலில் வாசித்தேன். மேளக் குழு ஒரு பக்கம், பிரசாத வரிசை ஒரு பக்கம், வெளியே ஆட்டோ ஹாரன். நான்கு மூலையிலும் ஸ்பீக்கர். வீணைத் தனம்மாள் ஜார்ஜ் டவுனில் தம் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் மைக் இல்லாமல் வாசிப்பார், ஒரு சத்தமும் எழாமல் எல்லோரும் உட்கார்ந்து கேட்பார்கள் என்பது இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் நடந்த கதை. அந்த நிசப்தம் வீணையின் உண்மையான மேடை என்று நானும் நம்புகிறேன். ஆனால் என்னிடம் படிக்கும் பிள்ளைகளின் அம்மாக்களும், மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சற்று நேரம் நின்று கேட்கும் பெண்களும் இருப்பது இந்தக் கோயிலில்தான். அவர்களுக்கும் மந்தரம் கேட்க வேண்டும். அன்று கேட்டது. வாசித்து முடித்ததும், தூணோரம் நின்றிருந்த ஒரு பாட்டி வந்து, வீணைக்குள் ஒரு குடம் தண்ணீர் இருப்பது போல ஒலிக்கிறதே என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊளை முற்றிலும் நின்றுவிடவில்லை. குடத்துக்கு என்று ஒரு சொந்தச் சுருதி உண்டு. ஸ்பீக்கரின் ஒலி திரும்பிவந்து பலகையை அந்த இடத்தில் தொட்டால், வில்லை அதையும் பிடித்து மறுபடி அனுப்பும். மகன் எனக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்: ஸ்பீக்கர் எனக்குப் பின்னால் இருக்கக் கூடாது, மானிட்டர் குடத்தை நோக்கிப் பார்க்கக் கூடாது, ஊளையிட்டால் மைக்செட்காரரிடம் மொத்த ஒலியையும் குறைக்கச் சொல்லாமல் கீழ்நடு ஒலியை மட்டும் கொஞ்சம் இறக்கச் சொல்ல வேண்டும். மைக்செட்காரர் தாளை வாங்கிப் படித்துவிட்டு அப்படியே செய்தார். மார்கழியில் திருவொற்றியூரில் வேறொரு இடத்தில் வாசித்தபோது அந்தத் தாளை எடுத்துப் போக மறந்தேன், முதல் பத்து நிமிடம் தடுமாறினேன். தியாகராஜர் தம் சீடர் வீணை குப்பய்யரின் அழைப்பில் வந்து திரிபுரசுந்தரி மேல் ஐந்து கீர்த்தனைகள் பாடிய ஊர் அது. அங்கே வாசிக்கும்போது எனக்கு எப்போதுமே கை கொஞ்சம் நடுங்கும்.

இனி எனக்குப் பிடிக்காதவை. முதலாவது காலம். பத்து நாள் என்று சொன்னது ஐந்து வாரமாயிற்று. இடையில் பெரியவருக்குக் காய்ச்சல், பிறகு மூன்று மெட்டுகள் வார்க்கக் கொடுத்த இடத்தில் தாமதம்; காரணங்கள் உண்மைதான், ஆனால் ஒரு தொலைபேசி அழைப்பாவது வந்திருக்க வேண்டும். நானே மூன்று முறை கேட்டுத் தெரிந்துகொண்டேன். வீணையை நம்பிப் பிள்ளைகள் படிக்கும் வீட்டில் ஐந்து வாரம் என்பது பெரிய இழப்பு. இரண்டாவது, ரசீது இல்லை. தொகையை வாயால் சொன்னார்கள், நான் கையில் கொடுத்தேன். என்னென்ன வேலை, எந்த மெட்டு புதிது, எந்தப் பசை என்று எழுதித் தந்தால் பத்து ஆண்டுகள் கழித்து வேறொருவர் வீணையைத் திறக்கும்போது பயன்படும். மூன்றாவது, தாளத் தந்திகள். வில்லை சாரணிப் பக்கக் காலருகே இல்லாமல் எங்கே வைத்தாலும் தெளிவு குறைகிறது என்பதை நானே கேட்டேன், ஆனால் அதன் விலையாகத் தாளத் தந்திகளின் ஒலி ஸ்பீக்கரில் மெலிந்துவிட்டது. இராகத்தைத் துடிப்போடு விரிக்கும் தானம் வாசிக்கும்போது அந்தக் குறை நன்றாகவே தெரிகிறது. பக்கக் குதிரையின் வளைவு ரேக்கருகே இரண்டாவது வில்லை வைத்து இரண்டையும் கலக்கலாம் என்கிறார் மகன். முதலிலேயே சொல்லியிருந்தால் அப்போதே செய்துகொண்டிருப்பேன்.

பழுது பார்ப்பதோடு புதிய வீணைகளும் அங்கே உருவாகின்றன. நான் போன நாள்களில் சிறுவர்களுக்கான ஒரு சிறிய வீணையின் குடம் பாயில் இருந்தது: பண்ருட்டிப் பலா, வாய்ச்சியால் குடைந்து உளியால் மெலிதாக்கிக்கொண்டிருந்தார். சுவரைச் சுற்றிலும் விரல் கணுவால் தட்டி, ஒலி கனமாக வரும் இடத்தில் மட்டும் இன்னும் ஓர் இழை எடுப்பார். இன்னும் முடியாத வாத்தியத்தைப் பற்றி எடைபோட எனக்கு உரிமை இல்லை. முடிந்த ஒன்றை அங்கே வாசித்தேன், சாரணியின் மேல்ஸ்தாயி இனிமையாக இருந்தது, அனுமந்தரம் இன்னும் திறக்கவில்லை, புது மரத்தில் அது இயல்புதான். தம்பூராவுக்கு ஜீவா, அதாவது குதிரையின் மேல் தந்திக்கடியில் வைக்கும் நூல், பார்த்துத் தருகிறார்கள். வயலினுக்கு மைக் வைக்க ஒரு மாணவியை அனுப்பினேன். அந்த வேலை சுமார்தான், அவர்களுடைய கை வீணையில்தான் இருக்கிறது.

நான் கொடுத்தது: மேளம் கட்ட 9,000 ரூபாய், குதிரை ரேக்கு வேலைக்கு 1,500, பழைய துளையை அடைக்க 1,200, வில்லையும் ப்ரீஆம்பும் பொருத்துவதற்கு 6,500, ஆக 18,200. தந்திகளை நானே வாங்கிக் கொடுத்தேன். மேளத்துக்கு இது நியாயமான தொகை. மைக்குக்குக் கொஞ்சம் கூடுதல் என்று முதலில் தோன்றியது, அந்த ஒரு காலைப்பொழுதை நினைத்துப் பார்த்த பிறகு அப்படித் தோன்றவில்லை.

போகிறவர்கள் ஆவணிக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். நவராத்திரிக்கு முந்தைய வாரங்களில் பட்டறையில் கால் வைக்க இடமிருக்காது. வீணையைக் கொடுக்கும் முன் எந்தக் கட்டையில் சுருதி வைக்கிறீர்கள், எந்தப் பருமன் தந்தி போடுகிறீர்கள் என்பதை எழுதிக் கொடுங்கள், அவற்றைக் கொண்டுதான் மேளம் அமைகிறது. பிறகு தந்தியின் பருமனை மாற்றினால் மேல்ஸ்தாயி மெட்டுகள் தப்பிப் பேசும். வேலை நடக்கும்போது ஒரு நாளாவது கூட இருங்கள், மைக் வைக்கும் நாளில் கட்டாயம் இருங்கள். வீட்டுக்கு எடுத்து வந்த பின் வாசித்து முடித்ததும் தந்திகளை உலர்ந்த துணியால் துடையுங்கள், சித்திரை வைகாசியில் தகரக் கூரையின் கீழும் நின்ற காருக்குள்ளும் வீணையை வைக்காதீர்கள் என்று பெரியவர் சொல்லியனுப்பினார். இடது விரல்களுக்கு நாம் தொட்டுக்கொள்ளும் தேங்காய் எண்ணெய் மைக்கின் செம்புத் தகட்டில் படாமல் பார்த்துக்கொள்ளும்படி மகன் சொன்னார். இரண்டாவது வில்லைக்காகச் சித்திரை பிறப்பதற்குள் என் வீணையை மறுபடி எடுத்துப் போகிறேன். இந்த முறை எத்தனை நாள் என்று தாளில் எழுதி வாங்கிக்கொள்வதாக இருக்கிறேன்.